எழுத்து வழக்கா, எழுத்துவழி நேர்வா?

அண்ணன் மகள் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். முதல் சுற்று முடிந்துவிட்டது. அடுத்தது ரிட்டன் கேஸ் (written case), அதாவது ஒரு நிறுவனத்தின் நிலைமையைக் கொடுத்து, அது என்ன செய்யலாம் என்று எழுதச் சொல்லும் தேர்வு. அதற்குத் தயாராவதற்கென்று யாரோ தமிழில் தொகுத்த குறிப்பு ஒன்றை எனக்கு அனுப்பி, "சித்தப்பா, இதுல தமிழ் இலக்கணமும் கேப்பாங்களா?" என்றாள். தலைப்பைப் பார்த்தேன்: 'எழுத்து வழக்கு மதிப்பீடு: தயாராவது எப்படி?'

அவள் மேல் பிழையில்லை. பேச்சு வழக்கு, எழுத்து வழக்கு என்று பள்ளிக்கூடத்தில் படித்த யாருக்கும் அந்தத் தலைப்பு அப்படித்தான் ஒலிக்கும். 'வந்துட்டான்' என்பதை 'வந்துவிட்டான்' என்று திருத்தச் சொல்லும் தேர்வு போலிருக்கிறது. கேஸ் என்பதற்குப் போட்ட இந்த 'வழக்கு' என் கண்ணில் படுவது இது முதல் முறையல்ல. வழக்கு நேர்காணல், வழக்குப் பயிற்சி, வழக்குப் புத்தகம்... போதும்.

முதலில் சொல்லின் பிறப்பு. கேஸ் என்பது லத்தீன் 'காசுஸ்' என்பதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மூலம் 'விழு' என்னும் பொருள்படும் வினை. விழுந்தது, வந்து வாய்த்தது, நேர்ந்தது என்று பொருள் விரிந்தது. பெட்டியைக் குறிக்கும் கேஸ் வேறு வேரிலிருந்து வந்த வேறு சொல். ஒலி மட்டும் ஒன்றாகிவிட்டது. அவ்வளவுதான் வரலாறு.

ஆங்கிலத்தில் ஒரே சொல் பல வேலை பார்க்கிறது. மருத்துவர் சொன்னால் நோயாளி, இலக்கண ஆசிரியர் சொன்னால் வேற்றுமை, வக்கீல் சொன்னால் வழக்கு. 'இரண்டாம் வழக்கின் உருபு ஐ' என்று யாரும் எழுதுவதில்லையே! அங்கே விழிப்பாக இருந்தவர்கள் வணிகத்துக்கு வந்ததும் அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இந்தக் கணக்குப்படி சூட்கேஸை என்ன சொல்வது? சூட் என்றாலும் வழக்கு, கேஸ் என்றாலும் வழக்கு. 'வழக்கு வழக்கு' என்று எழுதித் துணிமணியை அதற்குள் அடுக்க வேண்டியதுதான்.

எதிர்த்தரப்புக்கும் ஒரு வாதம் உண்டு, மறைக்க மாட்டேன். வணிகக் கல்விக்குக் கேஸ் முறை, அதாவது உண்மையில் நடந்த ஒன்றை எடுத்து அலசிப் படிக்கும் முறை, சட்டக் கல்வியிலிருந்துதான் வந்தது. ஹார்வர்டு சட்டப் பள்ளியின் தலைவராக 1870இல் வந்த லாங்டெல், நீதிமன்றத் தீர்ப்புகளையே பாடமாக வைத்தார். 1908இல் தொடங்கிய ஹார்வர்டு வணிகப் பள்ளிக்கு 1919இல் தலைவரான டோனம் சட்டம் படித்தவர். அந்த முறையை அவர் இங்கே வேரூன்றச் செய்தார். மெக்கின்சி என்னும் ஆலோசனை நிறுவனத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான மார்வின் பவர், இரண்டு பள்ளிகளிலும் படித்தவர். ஆகவே 'வழக்கு' என்பது பரம்பரைச் சொத்துதானே என்பார்கள்.

பரம்பரை சரி. ஆனால் சட்டப் பள்ளியில் அவர்கள் படித்தது உண்மையிலேயே வழக்குகளை. வாதி உண்டு, பிரதிவாதி உண்டு, தீர்ப்பு உண்டு. வணிகப் பள்ளிக்கு வந்தபோது முறை மட்டும்தான் வந்தது, நீதிமன்றம் கூடவே வரவில்லை. விற்பனை சரிந்த ஒரு செருப்புக் கம்பெனி யார் மேலும் வழக்குத் தொடுக்கவில்லை.

தமிழிலோ 'வழக்கு' ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கிறது. 'வழக்கும் செய்யுளும் ஆயிரு முதலின்' என்று தொல்காப்பியப் பாயிரத்தில் நிற்பது வழங்குதல், புழக்கம் என்னும் பொருள். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் கண்ணகி பாண்டியன் அவையில் வைப்பது முறையீடு. இரண்டும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. இந்தச் சொல்லின் தலையில் மூன்றாவது சுமையையும் ஏற்றி, முன்னால் 'எழுத்து' என்றும் சேர்த்தால், முதல் பொருள் துள்ளி எழுந்து நிற்காமல் என்ன செய்யும்?

பொருள் குழப்பத்தோடு போனால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தச் சொல் தயாராகிறவரின் புத்தியையே திருப்பிவிடுகிறது. வழக்கு என்றால் ஒரு கட்சி எடுத்து வாதாட வேண்டும். ரிட்டன் கேஸில் நடப்பது அதற்கு நேர்மாறு. இருபது முப்பது பக்கக் கட்டு ஒன்றைக் கையில் தருவார்கள். அட்டவணை, வரைபடம், வாடிக்கையாளர் கருத்து, பாதிக்கு மேல் தேவையில்லாத சங்கதி. ஒரு மணியோ இரண்டு மணியோ நேரம். அதற்குள் எது வேண்டும் எது வேண்டாம் என்று பிரித்து, கணக்குப் போட்டு, நிறுவனம் என்ன செய்ய வேண்டும் என்று எழுத வேண்டும். பல இடங்களில் அதைச் சில ஸ்லைடுகளாக்கி, எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் விளக்கவும் வேண்டும்.

அவளோடு உட்கார்ந்து பயிற்சிக்காக நானே ஒன்று தயாரித்தேன். ஒரு நிறுவனத்துக்கு 60 கிளைகள், 15 நட்டத்தில் ஓடுகின்றன. என்ன செய்யலாம்? நாலாம் பக்கத்து அட்டவணையைப் பார்த்ததும் '15 கிளைகளையும் மூடுக' என்று எழுதி, அதற்கு ஆதாரம் தேட ஆரம்பித்தாள். பதினோராம் பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு: அந்த 15இல் 9 கிளைகள் திறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அதைப் பார்த்தாள், ஆனால் தாண்டிப் போய்விட்டாள். கேட்டதற்கு, "அது நம்ம வாதத்துக்கு எதிரா இருக்கே சித்தப்பா" என்றாள்! வக்கீலுக்கு இது சாமர்த்தியம். இங்கே முதல் கேள்வியே அந்த அடிக்குறிப்பில் இருந்துதான் வரும். பழைய 6 கிளைகளுக்கு ஒரு முடிவு, புதிய 9க்கு எந்தத் தேதிக்குள் எவ்வளவு விற்க வேண்டும் என்று ஓர் இலக்கு. அப்படிப் பிரித்து எழுதியிருந்தால் பரிந்துரை நின்றிருக்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நேர்வு' என்கிறேன். புதிதாகச் செய்ததல்ல. 'இந்நேர்வில்' என்று அரசாணைகளில் கிடக்கிறது. விபத்து நேர்ந்தது, அப்படி நேர்ந்துவிட்டது என்று நாம் அன்றாடம் பேசுகிற வினைதான். லத்தீன்காரன் விழுந்தது என்று சொன்ன இடத்தில் தமிழன் நேர்ந்தது என்கிறான். ஒரு நிறுவனத்துக்கு நேர்ந்த நிலைமை, அதில் கட்சி இல்லை, குற்றவாளி இல்லை.

மற்றவற்றையும் பார்த்தேன். கல்வியியல் நூல்களில் வரும் 'தனியாள் ஆய்வு' ஒரு மாணவனுக்குப் பொருந்தும், அறுபது கிளை வைத்திருக்கும் கம்பெனிக்குப் பொருந்தாது. 'நிகழ்வு' என்றால் விழா அழைப்பிதழ் நினைவுக்கு வருகிறது. 'சிக்கல்' கெட்டதை மட்டும் சொல்லும், புதிய சந்தையில் நுழைவது சிக்கலா என்ன? இலங்கையில் 'விடய ஆய்வு' என்கிறார்கள். தப்பில்லை, ஆனால் விடயம் எதுவாகவும் இருக்கலாம். நேர்விலும் ஓர் ஆபத்து உண்டு. 'நேர்வு ஆய்வு' என்பதை இலக்கணப்படி சேர்த்தால் 'நேர்வாய்வு'. நாம் கேஸ் என்று எழுதினாலே பாதிப்பேர் சிலிண்டரை நினைக்கிறார்கள். அதிலிருந்து தப்பி வாய்வில் போய் மாட்டுவானேன்? பிரித்தே எழுதுங்கள்.

முன்னொட்டிலும் கோளாறு இருக்கிறது. சிலர் 'எழுதப்பட்ட வழக்கு' என்று ஒருபடி மேலே போகிறார்கள். எழுதப்படுவது கேஸ் அல்ல, பதில். வாயால் சொல்லும் கேஸ் நேர்காணலிலிருந்து பிரித்துக் காட்டவே அந்த அடைமொழி. ஆகவே 'எழுத்துவழி நேர்வுத் தேர்வு'. நேர்வு, தேர்வு என்று எதுகை வேறு இலவசம்.

பேச்சில் 'கேஸ்' என்றே சொல்லிவிட்டுப் போங்கள், எனக்கு வழக்கில்லை. நன்னூல் குழூஉக்குறிக்குக்கூட இடம் கொடுக்கிறது. எழுதும்போது தமிழ்ப்படுத்துகிறேன் பேர்வழி என்று கிளம்பினால் மட்டும், படிக்கிறவருக்கு என்ன கேட்கும் என்று ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள் என்கிறேன்.

குறிப்பைத் தொகுத்தவருக்கு அவள் மூலமாகவே இதையெல்லாம் எழுதியனுப்பினேன். மறுநாளே நன்றி சொல்லித் திருத்திய படியை அனுப்பிவிட்டார். தலைப்பு பளிச்சென்று 'எழுத்துவழி நேர்வுத் தேர்வு' என்று மாறியிருந்தது. மூன்றாம் பக்கத்தைப் புரட்டினால், துணைத்தலைப்பு: 'வழக்கை உடைப்பது எப்படி?'