தாடை அறுவையும் முதலமைச்சர் காப்பீடும்: முதலில் வயதைக் கணக்குப் பாருங்கள்

மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேராமல், கடித்துத் தின்னவே சிரமப்படுகிறவர்களுக்குத் தாடை எலும்பை வெட்டி, நகர்த்தி, தகடு வைத்துப் பொருத்துவார்கள். இதை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்துகொள்ள நினைத்தால் முதலில் பார்க்க வேண்டியது வயது. தாடை வளர்ச்சி நின்ற பிறகுதான் அறுவை; ஆண்களுக்குப் பெரும்பாலும் 18 தாண்ட வேண்டும், பெண்களுக்குச் சற்று முன்பே ஆகிவிடும். திட்டத்திலோ பெற்றோரின் காப்பீட்டு அட்டையில் பிள்ளைக்கு இடம் 25 வயது வரைதான். அதற்குள் வேலையோ கல்யாணமோ அமைந்துவிட்டால் அத்தோடு சரி.

நடுவில் பல் கம்பி இருக்கிறது. அறுவைக்கு முன் பற்களை வரிசைப்படுத்த ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். 24 வயதில் கம்பி மாட்டினால் அறுவைத் தேதி வரும்போது அப்பா அட்டை கைகொடுக்காது. தனிக் குடும்ப அட்டை, தனி வருமானச் சான்று என்று புதிதாகத் தொடங்க வேண்டும். ‘தையில் கல்யாணம், அதற்குள் தாடையை முடித்துவிடலாம்’ என்று ஐப்பசியில் கிளம்புவது வீண். கம்பி போட்ட சில மாதங்களில் கடி, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் விதம், முன்பைவிட மோசமாகத் தெரியும். பயந்து கழற்றிவிடாதீர்கள், அறுவைக்கு அப்படித்தான் பல்லை நிறுத்துவார்கள். கீழ்த்தாடையை வெட்டும் இடத்தில் ஞானப்பல் புதைந்திருந்தால் ஆறு மாதம் முன்பே எடுக்கச் சொல்வது வழக்கம்.

காப்பீட்டு அட்டைக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். காப்பீடு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள்: காரைக்குடி, தேவகோட்டைக்காரர்கள் சிவகங்கைக்கு, திருமயம், பொன்னமராவதி பக்கத்தார் புதுக்கோட்டைக்கு. ஒரே வளவு வீட்டில் நாலு குடும்பம் இருந்தாலும் கணக்கு அவரவர் குடும்ப அட்டைப்படிதான். ஆதாரில் ஒரு இனிஷியல், குடும்ப அட்டையில் வேறொன்று என்றிருந்தால் இப்போதே திருத்துங்கள். அறுவைக்கு முந்தைய வாரம் அது பெரிய தலைவலி.

திட்டம் பார்ப்பது உள்நோயாளியாகச் சேர்ந்து செய்யும் சிகிச்சையை. வெளியே கிளினிக்கில் மாட்டும் கம்பிச் செலவை அதில் எதிர்பார்க்காதீர்கள். புதுக்கோட்டையில் 2023 முதல் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருப்பதால் கம்பிக்கு முதலில் அங்கே கேட்டுப் பார்ப்பது நல்லது.

தனியார் மருத்துவமனை வாசலில் திட்டப் பலகை தொங்கினால் மட்டும் போதாது. இதயத்துக்கு அங்கீகாரம் பெற்ற இடம் தாடைக்கும் பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் அறுவை திட்டத்தின் சிகிச்சைப் பட்டியலில் எந்தப் பெயரில் வருகிறது என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவிலோ 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலோ, கம்பி மாட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.

எக்ஸ்ரே, ஸ்கேன், புகைப்படங்களை மருத்துவமனை அனுப்பி முன் அனுமதி வாங்கிய பிறகுதான் அறுவை. பணம் கட்டி முடித்துவிட்டு ரசீதை நீட்டினால் நடக்காது. அழகுக்கான அறுவை என்று தோன்றும் விண்ணப்பம் திரும்பிவிடும். ஆகவே மெல்ல முடியாமை, தாடை மூட்டு வலி, தூக்கத்தில் மூச்சடைப்பு என உண்மையில் உள்ள தொல்லைகளை ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் சொல்லிச் சீட்டில் பதியச் செய்யுங்கள்.

ரத்தசோகை இருந்தால் தேதி தள்ளிப்போகும். இரண்டு மாதம் முன்பே ரத்தம் பார்த்துவிடுங்கள். புகையிலை, சிகரெட் அறவே கூடாது, எலும்பு கூடுவது கெடும். அறுவைக்குப் பின் முதல் இரண்டு வாரம் நீர் ஆகாரம்தான்: வடிகட்டிய கஞ்சி, பருப்புத் தண்ணீர், நீர்த்த கேழ்வரகுக் கூழ். உறிஞ்சுகுழாய் வேண்டாம். சீப்புச் சீடையும் முறுக்கும் மருத்துவர் எலும்பு கூடிவிட்டது என்று சொன்ன பிறகுதான். அதற்கு ஆறு முதல் எட்டு வாரமாவது ஆகும்.