சுளைக்குள் அடைத்த சர்க்கரை

ஆரஞ்சுப் படம் போட்ட 200 மில்லி டப்பா ஒன்று கைக்கு வந்தால், திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் முதலில் தண்ணீர், அடுத்து சர்க்கரை, அதற்கப்புறம்தான் பழச்சாறு. எது அதிகமோ அதை முதலில் போட வேண்டும் என்பது விதி. நம் நாட்டில் ‘பழ பானம்’ என்று விற்க 10 சதவீதம் சாறு இருந்தால் போதும். எலுமிச்சைக்கு 5 சதவீதமே போதும். 200 மில்லியில் 10 சதவீதம் என்றால் 20 மில்லி. நாலு தேக்கரண்டி!

சர்க்கரை 100 மில்லிக்கு 12 கிராம் என்று போட்டிருந்தால், டப்பா முழுக்க 24 கிராம். ஒரு நடுத்தர ஆரஞ்சில் இருப்பது சுமார் 12 கிராம். கூடவே 3 கிராம் நார்ச்சத்து, 70 மில்லிகிராம் வைட்டமின் சி.

டப்பாவில் புளிப்பு எங்கிருந்து வருகிறது? 330 என்ற எண்ணைத் தேடுங்கள், அது சிட்ரிக் அமிலம். வெங்காயத் தோலில் கறுப்பாகப் படியுமே ஒரு பூஞ்சணம், ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர், அதைச் சர்க்கரைக் கரைசலில் வளர்த்துத்தான் ஆலைகளில் இந்த அமிலத்தை எடுக்கிறார்கள். கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் எலுமிச்சையிலிருந்து எடுத்ததல்ல. வைட்டமின் சி-யும் அப்படியே ஆலையில் செய்து சேர்ப்பதுதான். பழத்தில் இருப்பதும் அதுவும் ஒரே மூலக்கூறு என்பதால் அதில் குறை சொல்ல மாட்டேன்.

சேர்க்க முடியாதது வேறு. ஒரு சுளையைப் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், உள்ளே கண்ணீர்த்துளி வடிவில் நூற்றுக்கணக்கான சின்னப் பைகள் தெரியும். சாறு முழுக்க அவற்றுக்குள்தான். பையைச் சுற்றிச் சவ்வு, அதைச் சுற்றிச் சுளைத்தோல், அதற்கும் மேலே நாம் உரித்து எறியும் வெள்ளை நார். இவற்றில் பெக்டின் உண்டு. தண்ணீரோடு சேர்ந்தால் கஞ்சிபோல் கெட்டியாகிற பொருள் அது. மென்று கிழித்தால்தான் சாறு வெளியே வரும். வந்த பிறகும் அந்தக் கொழகொழப்பில் சிக்கி, சர்க்கரை குடலுக்குள் மெதுவாகத்தான் இறங்கும்.

இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1977-இல் இதை ஆப்பிளை வைத்துச் சோதித்தார்கள். ஒரே அளவு சர்க்கரைதான். முழுப்பழமாகத் தின்ன 17 நிமிடம், சாறாகக் குடிக்க ஒன்றரை நிமிடம். குடித்தவர்களுக்கு இன்சுலின் அதிகம் சுரந்தது, பிறகு ரத்தச் சர்க்கரை தொடக்க அளவுக்கும் கீழே சரிந்தது. 1981-இல் ஆரஞ்சை வைத்துப் பார்த்தபோதும் சாறுக்குத்தான் இன்சுலின் கூடுதல். பழம் தின்றவர்களுக்குப் பசி தாமதமாக வந்தது. திராட்சை மட்டும் இந்தக் கணக்குக்கு ஒத்துவரவில்லை, அதில் முழுப்பழத்துக்கே இன்சுலின் அதிகம் சுரந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், குறைக்கச் சொன்ன சர்க்கரைப் பட்டியலில் பழச்சாற்றில் இருப்பதும் உண்டு, வீட்டில் பிழிந்ததும்கூட. முழுப்பழத்தில் இருப்பது அதில் வராது.

ஜூஸ் கடையில் “சீனி போடாதீங்கண்ணே” என்று சொல்லிச் சாத்துக்குடி வாங்குபவர்களில் நானும் ஒருவன். மேலே போடும் சர்க்கரை அதோடு போய்விடும். ஆனால் அண்ணன் கிளாஸுக்கு மேல் வடிகட்டியைப் பிடித்து, தங்கிய சக்கையைக் கரண்டியால் அழுத்தி, கடைசிச் சொட்டு இறங்கியதும் வாளியில் தட்டுகிறார். பெக்டினில் பெரும்பகுதி அந்த வாளியில்தான் கிடக்கிறது.