கால் ஆணி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

கால் ஆணியை வெட்டி எடுத்த பலரும் சொல்லும் புலம்பல் ஒன்றுதான்: கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, அப்புறம் அதே இடத்தில் மறுபடி வந்துவிட்டது. உடனே பக்கத்தில் இருப்பவர், "வேரோடு எடுத்திருக்க மாட்டீங்க" என்பார். இதை நம்பித்தான் பலர் பிளேடை இன்னும் ஆழமாக இறக்குகிறார்கள். கால் ஆணிக்கு வேர் கிடையாது. வெளியிலிருந்து வந்து காலில் ஏறிய பொருளும் இல்லை. அது முழுக்க நம் தோல்தான்.

தோலின் மேலடுக்கில், அடிப்பகுதியில் புதுச் செல்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. அவை மெல்ல மேலே தள்ளப்பட்டு, வழியிலேயே கெரட்டின் என்ற புரதம் நிரம்பி, செத்துத் தட்டையாகி, கடைசியில் உதிர்ந்துவிடும். இதற்கு ஒரு மாதமோ சற்றுக் கூடுதலோ ஆகும். ஒரே இடத்தில் அழுத்தமும் உராய்வும் விழுந்துகொண்டே இருந்தால், அங்கே செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. மேலே உள்ளவை சரியாக உதிர்வதில்லை. தோல் தடிக்கிறது. அடியில் உள்ள சதையைக் காக்க உடம்பு செய்யும் ஏற்பாடு இது.

அழுத்தம் பரவலாக விழுந்தால் காய்ப்பு உண்டாகும். அதில் கெடுதல் பெரிதாக இல்லை. கென்யாவிலும் அமெரிக்காவிலும் மக்களின் பாதங்களை அளந்து 2019இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. வெறுங்காலோடு நடப்பவர்களுக்குக் காய்ப்பு தடிமனாக இருந்தது. ஆனாலும் பாதத்தின் தொடு உணர்வு அதனால் மங்கவில்லை.

சிக்கல், அழுத்தம் ஒரு சிறு புள்ளியில் குவியும்போதுதான். சுண்டுவிரலின் வெளிப்பக்கம், வளைந்த விரலின் மூட்டு, விரல்களுக்குக் கீழே பாதம் ஊன்றும் இடம் ஆகியவற்றில் எலும்பு தோலுக்கு மிக அருகில் இருக்கிறது. ஒரு பக்கம் எலும்பும் மறுபக்கம் காலணியும் நெருக்க, தடித்த தோல் விரிய இடமில்லாமல் உள்நோக்கிக் கூம்பாக இறுகுகிறது. அதன் முனை நரம்பு நுனிகளை அழுத்துவதால்தான் அந்தக் குத்தல். இறுகிய கட்டி செருப்புக்குள் சிக்கிய கல்லைப் போல அந்த இடத்தின் அழுத்தத்தை மேலும் கூட்டுகிறது. தோல் இன்னும் தடிக்கிறது. கட்டியை மட்டும் எடுத்துவிட்டுப் பழைய காலணியையே போட்டால், இந்தச் சுழற்சி முதலிலிருந்து தொடங்கும்.

ஆகவே வைத்தியம் காலணியில் தொடங்க வேண்டும். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது வாங்குவது நல்லது. நின்று பார்க்கையில் நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். கூர்முனை ஷூவும் குதி உயர்ந்த செருப்பும் விரல்களை நெருக்கி, எடையை முன்பாதத்தில் ஏற்றுகின்றன. தேய்ந்து தகடாகிப்போன ரப்பர் செருப்பையும் தூக்கிப் போட்டுவிடலாம்.

அழுத்தம் குறைந்தபின், வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் காலை ஊறவைத்து, பாதம் தேய்க்கும் கல்லால் மென்மையாகத் தேயுங்கள். ஒரே நாளில் முடிக்கப் பார்க்க வேண்டாம். பிறகு யூரியா கலந்த கிரீமோ வாசலினோ தடவலாம். மருந்துக்கடையில் 'கார்ன் கேப்' என்று கேட்டால் கிடைக்கும் பிளாஸ்திரியில் சாலிசிலிக் அமிலம் இருக்கும், பெரும்பாலும் 40 சதவீதம். செத்த செல்களை ஒட்டவைக்கும் பிணைப்பை அது தளர்த்துகிறது. ஆனால் ஆணி எது, நல்ல தோல் எது என்று அதற்குத் தெரியாது. ஆணியின் அளவுக்கு மேல் மருந்து படாமல், சுற்றிலும் வாசலின் பூசிக்கொள்ளுங்கள். விரலிடுக்கில் வரும் வெண்மையான, ஈரமான ஆணிக்கு இந்தப் பிளாஸ்திரி வேண்டாம். அங்கே தோல் மெல்லியது. ஈரத்தைத் துடைத்து, நடுவில் கொஞ்சம் பஞ்சு வைத்தாலே வலி குறையும்.

எருக்கம்பாலும் சேராங்கொட்டையும் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டுமே தோலைப் பொத்துப்போக வைக்கக்கூடியவை. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இன்னொன்று: பாதத்தில் இருப்பது மருவாகவும் இருக்கலாம். மரு வைரஸால் வருவது, பரவக்கூடியது. நேராக அழுத்தினால் வலிப்பது பெரும்பாலும் ஆணி. பக்கவாட்டில் கிள்ளினால் வலிப்பது பெரும்பாலும் மரு. மருவில் கரும்புள்ளிகள் தெரியலாம்.

மேலே சொன்ன வீட்டு வைத்தியம் எதுவும் சர்க்கரை நோயாளிகளுக்குப் பொருந்தாது. நரம்பு மரத்துப்போன காலில் தடித்த தோலுக்கு அடியிலேயே வலி தெரியாமல் புண் உருவாகலாம். வலி இல்லாததே எவ்வளவு பெரிய ஆபத்து என்பதைத் தெளிவாகக் காட்டியவர்களில் ஒருவர் பால் பிராண்ட். 1946இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் அவர். தொழுநோயாளிகளின் பாதம் நோயால் தானாக அழுகவில்லை, உணர்வில்லாத காலில் ஒரே இடம் மீண்டும் மீண்டும் அழுந்துவதால்தான் புண்ணாகிறது என்று அவர் விளக்கினார். அவர்களுக்காகப் பயன்பாட்டுக்கு வந்த மென்மையான எம்சிஆர் (மைக்ரோசெல்லுலார் ரப்பர், அதாவது நுண்ணிய காற்றறைகள் நிறைந்த ரப்பர்) செருப்பைத்தான் இன்று மருத்துவர்கள் சர்க்கரை நோயாளிகளுக்கும் எழுதித் தருகிறார்கள். ஆணியை மருத்துவரிடமே சீவிக்கொண்டு, இந்தச் செருப்பை வீட்டுக்குள்ளும் போட்டு நடக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் அதன் மேற்பரப்பு குழிந்து மீள வேண்டும். மீளாமல் தட்டையாகவே கிடந்தால், மேலே புதிதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள்.