குறட்டையின் கடுமை ரத்தத்தில் தெரியுமா?

மதுரையில் கே.கே.நகர் பக்கம் நடந்தால் 'முழு உடல் பரிசோதனை' போர்டுகள் வரிசையாகக் கண்ணில் படும். அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ராத்திரி குறட்டை விடுறேன், நடுவுல மூச்சு நிக்குதுன்னு வீட்ல பயப்படுறாங்க, அது இதுல தெரியுமா?" என்று கேட்டால், பதில் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரும்.

இதற்கு 'ஸ்லீப் அப்னியா' என்று பெயர்: தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சு வழி அடைபடுகிறது. ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறி உலுக்கி எழுப்புகிறது, ஒரு உறுமலோடு மூச்சு திரும்புகிறது. ஆள் புரண்டு படுப்பார், காலையில் எதுவும் நினைவிருக்காது. அடைப்பு 10 நொடியாவது நீடித்தால்தான் கணக்கில் சேரும். முழுதாக நிற்பதும் பாதி அடைபடுவதும் சேர்த்து, ஒரு மணி நேரத்துக்கு 5 முறை தொட்டால் லேசான நிலை, 15 தொட்டால் நடுத்தரம், 30 தொட்டால் கடுமை.

ஆக்சிஜன் இப்படி ராத்திரி முழுக்க இறங்கி ஏறுவதுதான் ரத்தத்தைக் கெடுக்கிறது. திடீரெனத் திரும்பும் ஆக்சிஜன் செல்களைத் தாக்கும் மூலக்கூறுகளை உண்டாக்க, அழற்சி கிளம்பி, கல்லீரல் சி.ஆர்.பி. என்ற புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கிறது. மூச்சு முட்டும் செல்களின் ஆற்றல் மூலக்கூறு சிதைந்து யூரிக் ஆசிட் ஆகிறது. அட்ரினலின் பொங்குவதால் சர்க்கரையும் ஏறுகிறது, மூன்று மாதச் சராசரி வரை அது தெரியலாம்.

அப்படியானால் சி.ஆர்.பி.யை வைத்தே கடுமையைச் சொல்லிவிடலாமே? முடியாது. நோய் முற்ற முற்ற இது சராசரியில் கூடுகிறது, உண்மைதான். ஆனால் தொப்பைக் கொழுப்பே அழற்சியைத் தூண்டும், ஈறு வீக்கமும் தூண்டும், போன வாரம் வந்த காய்ச்சலும் தூண்டும். குறட்டையே விடாத ஒருவருக்கும் அதே எண் வரலாம். கடுமையை அளப்பது தூக்கப் பரிசோதனைதான்: விரலில் கிளிப், மூக்கில் சின்னக் குழாய், நெஞ்சில் பட்டை. இப்போது வீட்டிலேயே மாட்டிக்கொண்டு படுக்கலாம். மேலூர் ரோட்டில் வண்டி ஓட்டும்போதே கண் சொருகுகிறவர்கள் சி.ஆர்.பி.க்குக் கொடுக்கும் காசை இதில் போடுவது மேல் என்பேன்.

எனக்குப் பிடித்த எண் ஒன்று உண்டு, யாரும் கவனிக்காதது: சோடியம், பொட்டாசியத்தோடு வரும் பைகார்பனேட். அதிக உடல் எடை உள்ளவருக்கு அது 27-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, பகலிலும் கரியமில வாயு சரியாக வெளியேறாமல் தேங்குகிறதோ என்று டாக்டர் சந்தேகிப்பார். தேங்கும் வாயு ரத்தத்தில் அமிலமாகிறது, அதைச் சரிக்கட்டத்தான் சிறுநீரகம் பைகார்பனேட்டைப் பிடித்து வைக்கிறது. அடுத்து மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், கொஞ்சம் வலிக்கும். அதற்கு முன், நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர் அதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்த மாத்திரையும் இதே எண்ணை ஏற்றலாம்.