மங்கலுக்கும் ஒரு பிடிமானம் வேண்டும்

கிழக்குக் கடற்கரைச் சாலையோரச் சவுக்குத் தோப்பு ஒன்றில், ஒளியை உள்ளே விடும் ஷட்டர் திறந்திருக்கும்போதே கேமராவை வேண்டுமென்றே அசைத்து எடுத்த படத்தைப் பெரிதாக அச்சிட்டு மேசையில் விரித்தபோது, முதலில் என் கண்ணில் பட்டது மரங்கள் அல்ல. வலது மேல் மூலையில் மிளகளவு கறுப்புப் புள்ளி ஒன்று இருந்தது. மரம், மணல், வானம் எல்லாம் அரை நொடி அசைவில் கரைந்து நெடுங்கோடுகளாகிவிட்ட படத்தில், கரையாமல் நின்றது அது மட்டும்தான். கேமராவுக்குள் படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரில் ஒட்டியிருந்த தூசி. கேமராவை எப்படி ஆட்டினாலும் தூசி சென்சாரோடு சேர்ந்தே நகர்கிறது. அதனால் அது மங்குவதில்லை. போதாததற்கு, அன்று எடுத்த இன்னொரு படத்தை அதன் மேல் கணினியில் மல்டிப்ளை என்ற, இருட்டாக்கும் கலவை முறையில் அடுக்கியிருந்தேன். அதிலும் அதே இடத்தில் அதே தூசி. சாம்பலாக இருந்திருக்க வேண்டியது கறுத்துப்போயிருந்தது.

அன்றைக்கு அந்தப் பிரதியைக் கிழித்துப் போட்டாலும், அது கற்றுக்கொடுத்ததை இன்றுவரை வகுப்புகளில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மங்கிய பரப்பில் கண் பிடித்துக்கொள்ள எதையாவது தேடும். நாம் ஒன்றைக் கொடுக்காவிட்டால் தூசியைப் பிடித்துக்கொள்ளும். எதை அசைக்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், எது நிற்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்.

ரஷ்யரான அலெக்ஸி டிடரென்கோ, சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு, 1992இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் வாசிலியோஸ்த்ரோவ்ஸ்கயா மெட்ரோ வாசலில் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். ஷட்டர் நெடுநேரம் திறந்திருந்ததால் படியேறும் கூட்டம் புகையாகிவிட்டது. முகம் இல்லை, உடல் இல்லை. ஆனால் கைப்பிடிக் கம்பியைப் பற்றிய கைகள் மட்டும் ஆங்காங்கே தெரிகின்றன. புகை மனிதர்களாவது அந்தக் கைகளால்தான். எர்ன்ஸ்ட் ஹாஸ் 1956இல் ஸ்பெயினில் எடுத்த காளைச்சண்டை வண்ணப் படங்களிலும் காளை ஒரு சுழலாகிறது. ஆனாலும் அது காளை என்பதில் நமக்கு ஒரு கணமும் சந்தேகம் வருவதில்லை.

சவுக்குத் தோப்புக்கே திரும்புகிறேன். நேரான மரங்கள் என்பதால் கேமராவை மேலிருந்து கீழாக இழுப்பது இயல்பு. குறுக்கே இழுத்தால் அடிமரங்கள் எல்லாம் கலந்து பழுப்புக் குழம்பாகிவிடும். நான் செய்வது இது: ஒரு நொடி வெளிச்சம் கொடுத்து, அதில் முதல் கால்பங்கு நேரம் கையை அசைக்காமல் வைத்திருப்பேன். பிறகு மெதுவாக இழுத்து, ஷட்டர் மூடிய பிறகும் கையை நிறுத்தாமல் போகவிடுவேன். கை நின்ற கணத்தில் அடிமரத்தின் மெல்லிய உருவம் பதிந்துவிடும். இழுத்த நேரம் அதன்மேல் கோடாகப் படரும். இழுப்பைப் பாதியில் நிறுத்தினால் இன்னொரு உருவம் அரைகுறையாக ஒட்டிக்கொள்ளும். லென்ஸிலும் கேமராவிலும் உள்ள அசைவுத் தடுப்பை முதலிலேயே அணைத்துவிடுங்கள். நாம் அசைக்க, அது திருத்த முயலும்.

நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, அபெர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை) எஃப் 16 என்றால் ஷட்டர் வேகம் ஏறக்குறைய நூறில் ஒரு நொடி. அசைவுக்கு அது போதாது. பலரும் உடனே துளையை இன்னும் சிறிதாக்கி எஃப் 22க்கு மூடுகிறார்கள். அபெர்ச்சர் சுருங்கச் சுருங்கத் தூசி கூர்மையாகத் தெரியும் என்பதை மறந்துவிடுகிறார்கள். அதைவிட ஆறு ஸ்டாப் என்டி ஃபில்டர் ஒன்று வாங்குங்கள்; லென்ஸின் முன் மாட்டும் இந்தக் கறுப்புக் கண்ணாடி வெளிச்சத்தை ஆறு முறை பாதியாக்கும். அதே எஃப் 16இல் அரை நொடிக்கு மேல் கிடைக்கும். எஃப் 8க்குத் திறந்தாலும் ஆறில் ஒரு நொடி இருக்கும். இல்லையென்றால் அந்தி வரைக்கும் காத்திருங்கள், செலவே இல்லை.

இனி லேயர், அதாவது கணினியில் படத்தின்மேல் படம் அடுக்குவது. இங்கேதான் நிறையப் பேரின் உழைப்பு வீணாகிறது. இரண்டு மங்கல் படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து மேல்படத்தின் ஒபாசிட்டியை (ஒளிபுகாத் தன்மையை) ஐம்பது விழுக்காடாக்கினால், கணினி இரண்டையும் சராசரிதான் எடுக்கும். வெளிச்சமும் இருளும் நடுவை நோக்கி நகர்ந்து, படம் சேற்றுநிறத்தில் சப்பென்று ஆகிவிடும். கலவை முறைகளுக்குப் பின்னால் இருப்பது எளிய கணக்கு. கறுப்பை 0 என்றும் வெள்ளையை 1 என்றும் வையுங்கள். நடுச்சாம்பல் 0.5. மல்டிப்ளை இரண்டையும் பெருக்கும்: 0.25, அதாவது இருட்டும். ஸ்க்ரீன் தலைகீழ் மதிப்புகளைப் பெருக்கி மறுபடி திருப்பும்: 0.75, வெளுக்கும். லைட்டன் எது பிரகாசமோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளும். இரவு விளக்குகளுக்கு அதைப்போல் ஒத்துவருவது வேறில்லை. இந்தக் கணக்கு கைவந்துவிட்டால் பட்டியலில் உள்ள முறைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நான் இரண்டு அசைவுகளை அடுக்குவதை நிறுத்தி வெகுகாலமாகிறது. ஒன்று அசைவு, மற்றது அசையாத ஒரு பரப்பு. சவுக்குப் படத்துக்குப் பிறகு கிடைத்த துணை, கரையில் கிடந்த பழைய படகின் பக்கப்பலகை: நீலச் சாயம் உரிந்து, அடியில் மஞ்சள், அதற்கும் அடியில் மரநார். அதை ட்ரைபாடில் வைத்துக் கூர்மையாக எடுத்து, வெளுப்பாக்கி, மல்டிப்ளையில் வைத்தேன். வானம் இருந்த இடத்தில் சாய வெடிப்புகள் தெரிந்தன. அடிமரங்களின் இருட்டில் அவை தாமே மறைந்துவிட்டன. எதையும் அழிக்கவேண்டி வரவில்லை.

ஒரு வேண்டுகோள்: கேமரா திருத்தாமல் பதிவுசெய்யும் ரா கோப்பிலிருந்து தொடங்கி, 16 பிட்டிலேயே அடுக்குங்கள். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். மங்கலின் வழுவழுப்பான நிறமாற்றம் இரண்டு மூன்று லேயர்களில் பட்டை பட்டையாக உடைந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். அடுக்கிய படத்தைப் போட்டியின் இயற்கைப் பிரிவுக்கு அனுப்பாதீர்கள். பிஎஸ்ஏ, ஃபியாப், ஆர்பிஎஸ் ஆகிய புகைப்பட அமைப்புகள் ஏற்றுக்கொண்ட இயற்கைப்பட வரையறை, கூட்டிச்சேர்த்த படங்களை அனுமதிப்பதில்லை. செய்திப்படத்துக்கும் அது ஆகாது. எந்தப் பிரிவு என்று தெரியாமல் அனுப்பி, நல்ல படம் ஒன்று நீக்கப்பட்டதும் மனம் உடைந்து கேமராவையே மூடிவைத்த இளைஞர் ஒருவரை எனக்குத் தெரியும். அருவப் பிரிவில் அந்தப் படம் கம்பீரமாக நின்றிருக்கும்.

அதனால் இப்போதெல்லாம் ஒவ்வொரு பிரதியின் பின்புறமும் பென்சிலால் எழுதிவிடுகிறேன். புதிய சவுக்குப் பிரதியில் இருப்பது: இரண்டு கோப்புகள், மல்டிப்ளை, ஒரு நொடி, சென்சார் துடைத்தபின்.