மழை தொடங்கியதும் வீடு தேடி வரும் மலேரியா மாத்திரை: யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை?

ஆப்பிரிக்காவில் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே இருக்கும் மாலி, புர்கினா பாசோ, நைஜர் போன்ற சஹேல் நாடுகளில் வருடத்தில் பல மாதங்கள் சொட்டு மழை கிடையாது, கொசுவும் கிட்டத்தட்ட காணாமல் போய்விடும். ஆனாலும் மழை இறங்கிய சில வாரங்களில் மலேரியா திரும்பிவிடுகிறது. அதுவரை எங்கே இருந்தது? காய்ச்சல், தலைவலி எதுவும் இல்லாமல் வயலுக்கும் பள்ளிக்கும் போய்வந்தவர்களின் இரத்தத்தில்தான்.

வழக்கமாக, ஃபால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணு ஒரு நாள் ஆவதற்குள் இரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், சுற்றிக்கொண்டே இருந்தால் மண்ணீரல் அதை வடிகட்டிவிடும். வறண்ட மாதங்களில் இந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது என்று மாலியில் நடந்து 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. அணுக்கள் கூடுதல் நேரம் சுற்றுகின்றன, நிறைய அழிகின்றன, ஆனால் முழுசாகத் தீர்வதில்லை. எண்ணிக்கை அவ்வளவு குறைவாக இருப்பதால் ஆளுக்கு நோவும் தெரியாது, விரலில் குத்திப் பார்க்கும் உடனடிப் பரிசோதனையிலும் பல நேரம் சிக்காது.

சரி, வீடு தேடி வரும் மாத்திரைத் திட்டத்துக்கு வருவோம். பருவகால மலேரியா தடுப்பு மருந்தை உலக சுகாதார நிறுவனம் 2012இல் பரிந்துரைத்தது. 3 மாதம் முதல் 5 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு, மழைக்காலத்தில் மாதம் ஒரு சுற்று, பெரும்பாலும் 4 சுற்று, இலவசம். சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமைன் (சல்ஃபா சேர்ந்த கூட்டு மருந்து), அமோடியாகுயின் என்ற இரண்டு மலேரியா மருந்துகளையும் தண்ணீரில் கரைத்துத் தன் கண்முன்னே குடிக்க வைப்பார், பிள்ளை அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி கொடுப்பார். அடுத்த இரண்டு நாளுக்கான அமோடியாகுயினை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போவார். என்னைக் கேட்டால் கோட்டை விடுவது இங்கேதான், கசப்பு மருந்து, பிள்ளை நன்றாக ஓடி விளையாடுகிறது, மூன்றாம் நாள் மாத்திரை எளிதில் மறந்துபோகும்.

அன்றைக்குக் காய்ச்சல் இருக்கிற பிள்ளைக்கு இது கிடையாது. முதலில் பரிசோதனை, மலேரியா என்றால் அதற்கான முழு சிகிச்சை. சல்ஃபா மருந்து ஒவ்வாத பிள்ளைக்கும், கோ-ட்ரைமாக்சசோல் என்ற இன்னொரு சல்ஃபா மருந்தைத் தொடர்ந்து சாப்பிடுகிற எச்ஐவி பாதித்த பிள்ளைக்கும் கொடுக்க மாட்டார்கள்.

அப்புறம், கிருமியை சுமந்துகொண்டு திரிகிற 12 வயது அண்ணனுக்கு ஏன் இல்லை என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இது ஊரில் இருக்கிற ஒட்டுண்ணியைத் துடைத்தெடுக்கும் திட்டமே இல்லை, மலேரியாவில் அதிகம் சாகிற வயதைக் காக்கும் திட்டம். 2022இல் உலக சுகாதார நிறுவனம் வயது வரம்பைத் தளர்த்தி, அந்தந்த நாடே முடிவு செய்யலாம் என்றது. செனகல் அதற்கு முன்பிருந்தே 10 வயது வரை கொடுத்து வருகிறது.

மாத்திரை போட்ட பிள்ளையும் கொசுவலைக்குள்தான் தூங்க வேண்டும். இரண்டு சுற்றுக்கு நடுவே காய்ச்சல் வந்தால் அடுத்த சுற்று வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.