லோடு வண்டி ஏன் நினைத்த இடத்தில் நிற்பதில்லை

காலி வண்டியில் பழகிய கால், லோடு ஏற்றிய வண்டியிலும் அதே இடத்தில்தான் பிரேக்கை மிதிக்கும். வேலைக்கு வண்டி ஓட்டுபவருக்கு முதல் சிக்கல் இதுதான்: வண்டி ஒன்றே, எடை மட்டும் நடைக்கு நடை மாறுகிறது.

பாடப்புத்தகக் கணக்கின்படி எடை கூடினாலும் நிற்கும் தூரம் மாறக் கூடாது. எடை இரு மடங்கானால் நிறுத்தத் தேவைப்படும் விசை இரு மடங்கு. டயர் சாலையைப் பிடிக்கும் பிடியும் இரு மடங்கு. இரண்டும் சரிக்குச் சரி. ஆனால் அந்தப் பிடியை முழுதாகப் பயன்படுத்தும் அளவுக்கு பிரேக்குக்குச் சக்தி இருக்க வேண்டும். வண்டிக்கு அனுமதித்த மொத்த எடையை வைத்துத்தான் பிரேக்கை வடிவமைக்கிறார்கள். அதற்கு மேல் ஏற்றினால், டயரில் பிடி மிச்சமிருக்கும், பிரேக்கில் சக்தி இருக்காது.

காலி வண்டிக்கு வேறு தொல்லை. பின்பக்கம் எடை இல்லாததால் சட்டென்று மிதித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வால் வீசும். இதைத் தடுக்கப் பல சரக்கு வண்டிகளில் பின் அச்சோடு ஒரு கம்பியால் இணைத்த வால்வு உண்டு. லோடு ஏறி உடல் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும், உயர்ந்தால் குறைக்கும். கூடுதல் எடை தாங்கட்டும் என்று பின்னால் ஒரு ஸ்பிரிங் பட்டையைச் சேர்க்கும் பட்டறைகள் இந்த வால்வை மறந்துவிடுகின்றன. பட்டை சேர்ந்தபின் லோடு ஏற்றியும் உடல் தாழாது. வண்டி காலி என்று வால்வு எடுத்துக்கொள்ளும். அதிக எடை ஏற்றிய வண்டியில் பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும்.

இனி வெப்பத்துக்கு வருவோம். பிரேக் என்பது ஓட்டத்தை வெப்பமாக மாற்றும் கருவி, அவ்வளவுதான். மொத்தம் 3.5 டன் எடையுள்ள வேன் மணிக்கு 80 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நின்றால் ஏறக்குறைய 8.6 லட்சம் ஜூல் வெப்பம் பிறக்கும். இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க்கும் டிரம்மும் சேர்ந்து 40 கிலோ இரும்பு என்று வைத்தால், அவற்றின் வெப்பநிலை ஒரே மிதியில் 45 டிகிரிக்கு மேல் ஏறும். சமவெளியில் இது பெரிய விஷயமல்ல. அடுத்த மிதிக்குள் காற்று பட்டு ஆறிவிடும்.

மலைச்சாலையில் அந்த இடைவெளி கிடைப்பதில்லை. இதே வேன் 500 மீட்டர் உயரம் இறங்கினால், 80 கி.மீ. வேகத்திலிருந்து 20 முறை நிறுத்துவதற்குச் சமமான ஆற்றல் வெளியேறியாக வேண்டும். 10 கிலோமீட்டர் இறக்கத்தை 15 நிமிடத்தில் கடந்தால் அது சராசரியாக 19 கிலோவாட். காற்றுத் தடையும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியை எஞ்சின் வாங்க வேண்டும், இல்லையென்றால் பிரேக்.

பிரேக்கே எல்லாவற்றையும் வாங்கினால் மூன்று இடங்களில் பழுது தொடங்குகிறது. டிஸ்க்கிலும் டிரம்மிலும் உராயும் லைனிங்கில் உள்ள பிசின் அதிகச் சூட்டில் சிதைந்து வாயு வெளிவரும், உராய்வு குறையும். டிரம் சூட்டில் விரிந்து, அதை உள்ளிருந்து அழுத்தும் ஷூவை விட்டு விலகும். பெடல் இன்னும் ஆழமாகப் போக வேண்டியிருக்கும். மூன்றாவதுதான் மோசமானது: பிரேக் ஆயில் கொதிப்பது. ஆயிலை அமுக்க முடியாது என்பதால்தான் கால் அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. குமிழி வந்துவிட்டால், கால் அமுக்குவது குமிழியைத்தான். பெடல் தரை வரை போகும், வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்த ஆயில் காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சும் தன்மை உடையது. தரநிலைப்படி டாட் 3 வகைப் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140. டாட் 4 வகைக்கு 230, 155. அளவுக் கோட்டுக்குக் கீழே போகாததால் ஆயில் நன்றாக இருக்கிறது என்று நினைப்பது தவறு. நிறம், அளவு இரண்டும் சரியாக இருந்தும் கொதிநிலை இறங்கியிருக்கும். பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். காற்றழுத்தத்தில் இயங்கும் கனரக வண்டிகளின் ஏர் பிரேக்கில் ஆயில் கிடையாது. ஆனால் டிரம் விரிவு அங்கேயும் உண்டு. குளிர்ந்த நிலையில் பார்க்கும்போது அட்ஜஸ்ட்மென்ட் எல்லைக்குள் மட்டுமட்டாக இருக்கும் பிரேக், சூட்டில், ஷூவை அழுத்தவைக்கும் தள்ளுதண்டு நகரக்கூடிய முழு நீளத்தையும் தின்றுவிட்டு மேலே அழுத்த வழியின்றி நிற்கும்.

ஆகவே இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைக்க வேண்டும். பாதி வழியில், வேகம் ஏறியபின் குறைக்க முயன்றால் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. எந்த கியர்? பிரேக்கைத் தொடாமலே வேகம் மெதுவாகத்தான் ஏற வேண்டும். விறுவிறுவென ஏறினால் இன்னும் ஒரு கியர் குறையுங்கள். பாதுகாப்பான வேகம் 40 என்றால், 40-ஐத் தொட்டதும் அழுத்தமாக மிதித்து 32-க்குக் கொண்டுவந்து, காலை முழுதாக எடுத்துவிட வேண்டும். லேசாகக் காலை வைத்தபடியே இறங்கினாலும் மொத்த வெப்பம் ஒன்றுதானே என்று கேட்கலாம், ஒன்றுதான். ஆனால் லேசான அழுத்தத்தில், குறிப்பாக ஏர் பிரேக்கில், எல்லாச் சக்கரமும் சமமாகப் பிடிப்பதில்லை. பிடிக்கிற ஓரிரண்டு மட்டும் தீய்ந்துபோகும்.

நியூட்ரலில் இறங்கினால் டீசல் மிச்சம் என்பது பழைய நம்பிக்கை. இன்றைய எஞ்சின்கள் கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரை விட்டால் எரிபொருளை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கு எரிக்கும். எஞ்சினையே அணைப்பவர்களும் இருக்கிறார்கள். எஞ்சின் அணைந்தபின், மிதிக்குப் பலம் சேர்க்கும் வெற்றிட பூஸ்டரில் ஓரிரு மிதிகளுக்குத்தான் இருப்பு இருக்கும். பிறகு பெடல் கல்லாகிவிடும், பவர் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.

பெடல் பஞ்சுபோல் போனால் வேகமாக விட்டு விட்டு மிதியுங்கள். கொஞ்சம் அழுத்தம் திரும்பலாம். கியரை ஒவ்வொன்றாக இறக்குங்கள். வேனில் ஹேண்ட்பிரேக் பெரும்பாலும் கேபிளில் இயங்குவது, ஆயில் கொதித்தாலும் அது வேலை செய்யும். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும், படிப்படியாக இழுக்க வேண்டும்.

வண்டி நின்றாலும் சரக்கு நிற்க வேண்டுமே. கடும் பிரேக்கில் சரக்கின் எடையில் 80 சதவீதம் அளவு விசை முன்நோக்கித் தள்ளும் என்று வைத்துக் கட்டுவது ஐரோப்பிய தரநிலை. 500 கிலோ பெட்டிக்கு அது 400 கிலோ விசை. மரப்பலகைத் தளத்தில் உராய்வுக் குணகம் 0.3 என்றால் உராய்வு தருவது 150, மீதி 250. மேலே போடும் பெல்ட் அந்த 250-ஐ உராய்வின் வழியாகவே தர வேண்டியிருப்பதால், சுமார் 830 கிலோ கீழ்நோக்கிய அழுத்தம் தேவை. பெல்ட்டின் சீட்டில் 2500 என்று பெரிதாக அச்சிட்டிருப்பது அதன் வலிமை. பெல்ட்டை இறுக்கும் ராட்செட்டைக் கையால் முறுக்கினால் கிடைக்கும் இழுவை அதே சீட்டில் வேறு வரியில் இருக்கும். அது பெரும்பாலும் 300 சொச்சம்தான். இரு பக்கமும் சேர்த்து 600. ஆக ஒரு பெல்ட் போதாது, இரண்டு வேண்டும். பெட்டியை முன் சுவரோடு ஒட்டி வைத்தால் வேலை எளிதாகும். ஒரு மீட்டர் இடைவெளி விட்டு, கட்டாமலும் வைத்தால், அந்தப் பெட்டி மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதும்.

ஓட்டுநரின் கணக்கு சுருக்கமானது. 80 கி.மீ. வேகத்தில் கண்டு மிதிக்க ஒன்றரை விநாடி ஆனால் 33 மீட்டர், காய்ந்த சாலையில் பிரேக் 35 மீட்டர், கூட்டினால் 68. முன்வண்டியோடு மூன்று விநாடி இடைவெளி என்பது 67 மீட்டர். மழையில் பிரேக் தூரம் 60 மீட்டரைத் தாண்டும் என்பதால் இடைவெளியை இரட்டிப்பாக்க வேண்டும். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவரின் அளவுக்கு இறங்குகிறது என்று 1997-இல் வெளியான ஆய்வு காட்டியது. இது ஓட்டுநர் மட்டும் பார்க்க வேண்டியதல்ல, நேரம் குறிக்கும் அலுவலகமும் பார்க்க வேண்டியது. 40 கிலோமீட்டருக்கு 60-இல் போனால் 40 நிமிடம், 70-இல் போனால் 34. அந்த ஆறு நிமிடத்துக்காக பிரேக் வாங்க வேண்டிய ஆற்றல் 36 சதவீதம் கூடுகிறது.

இறங்கி முடித்து வண்டியை நிறுத்தும்போதும் சூடு வேலையைக் காட்டும். கொதிக்கும் டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். பின்சக்கரத்திலும் டிஸ்க் உள்ள வண்டியில், சூட்டோடு போட்ட ஹேண்ட்பிரேக் டிஸ்க் ஆறிச் சுருங்கும்போது தளர்ந்து, ஆளில்லாத வண்டி உருளக்கூடும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு அடைகட்டை வைத்து, கால் மணி நேரம் கழித்து ஹேண்ட்பிரேக்கை இன்னொரு முறை இழுத்துவிடுங்கள்.